எழுபத்தாறு எடுத்தும் பெயில்

3 ஜூன் 2024

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "இடது கண்ணில் கறுப்பாகத் திரை இறங்குகிறது" என்றார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. "கண்ணாடியை மாற்ற வேண்டும் போல" என்று மறுபடி பேப்பரை விரித்தார். நல்லவேளை, அம்மா விடவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கோளாறு கழுத்தில் இருக்கலாம் என்று உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இடது கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு, 45 சதவீத அடைப்பு. அங்கிருந்து பிய்ந்த துணுக்குதான் கண்ணை மறைத்திருக்கிறது. மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். இந்த அளவு அடைப்புக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள்.

4 ஜூன்

மாத்திரை போதும் என்றார்களே தவிர, ஒன்று போதும் என்று சொல்லவில்லை. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொலஸ்ட்ராலைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் 40, பழைய பிரஷர் மாத்திரை. "இரத்தம் கட்டாமலிருக்க எதற்கு இரண்டு?" என்று அப்பா கேட்டார். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைத் தூண்டும் வழிகள் பல. ஆஸ்பிரின் ஒன்றை மறித்தால் குளோபிடோக்ரெல் வேறொன்றை மறிக்கும். 2013இல் வெளியான சீனாவின் 'சான்ஸ்' ஆய்வில் 5,170 பேர். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.7 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் பக்கவாதம் வந்தது. முதல் 21 நாள் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 8.2. நீட்டித்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆகவே அப்பாவுக்கும் 21 நாள் கணக்கு. அம்மா தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிதோசையை நிறுத்திவிட்டாள்.

24 ஜூன்

குளோபிடோக்ரெலை நிறுத்தும் நாள். அட்டையைக் கையில் எடுத்துப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மருந்துக்கடையில் கொடுத்திருந்தது குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் கலந்த கேப்ஸ்யூல். தனி ஆஸ்பிரின் அட்டையும் கூடவே. மூன்று வாரமாக அப்பா ஆஸ்பிரினை இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார்! பல் தேய்க்கும்போது பிரஷ் சிவக்கிறது என்று போன வாரம் சொன்னார். நான்தான் ஈறு வீக்கம் என்று தள்ளிவிட்டேன். டாக்டருக்குப் போன் செய்தேன். பயப்பட வேண்டாம், கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டுத் தனி ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார். இனி பெயரை அல்ல, அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கப் போகிறேன்.

15 ஜூலை

எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 142இலிருந்து 76க்கு இறங்கியிருக்கிறது. லேப் தாளில் 'நார்மல்'. டாக்டரோ 70க்குக் கீழே வேண்டும் என்கிறார். "எழுபத்தாறு எடுத்தும் பெயிலா?" என்றார் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா. ஸ்டாடினை இரட்டித்தால் கூடுதலாகக் குறைவது ஆறு சதவீதம்தானாம். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதை ஸ்டாடின் குறைக்கிறது. குடல் அதை உறிஞ்சுவதை எசெட்டிமைப் தடுக்கிறது. எனவே எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ந்தது.

27 ஆகஸ்ட்

58. அப்பா தாளை அம்மா முன்னால் வைத்து, "இப்போது கறிதோசை?" என்றார். அம்மா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள். "இது மாத்திரை வாங்கிய மார்க்கு" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.