ஆர்கே3399 பெட்டியில் ஜிபியுவை எழுப்பிய கதை, அதன் சூட்டை அடக்கிய கதை

பழைய டிவி பெட்டி ஒன்று ஒரு வருடமாக மேஜையில் கிடக்கிறது. உள்ளே ஆர்கே3399 சிப்: இரண்டு கார்டெக்ஸ்-ஏ72, நான்கு ஏ53, மாலி-டி860 ஜிபியு (திரைக்கான படத்தை வரையும் பகுதி). கூட வந்த லினக்ஸ் கர்னல் 4.4-லேயே நின்றுவிட்டது. மெயின்லைன் கர்னலில், அதாவது லினக்ஸின் மூலக் கர்னலில், இந்தப் பெட்டிக்கென்று டிவைஸ் ட்ரீ (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) கிடையாது, அதனால் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். சீரியல் கன்சோல், இஎம்எம்சி, ஈதர்நெட், எச்டிஎம்ஐ எல்லாம் போன மாதமே வந்துவிட்டன. ஆனால் திரையில் வருவதை எல்லாம் சிபியுதான் வரைந்துகொண்டிருந்தது. ஒரு விண்டோவை இழுத்தால் அரை நொடி கழித்து வரும்.

மாலிக்கு நெடுங்காலம் மூடிய டிரைவர்தான் கதி. 2019-இல் லினக்ஸ் 5.2-உடன் பான்ஃப்ராஸ்ட் என்ற திறந்த டிரைவர் உள்ளே வந்தது. சிப்பின் கட்டளைகளை வெளியிலிருந்தே ஆராய்ந்து கண்டுபிடித்த அலிசா ரோசன்ஸ்வைக், கர்னல் பக்கத்தை எழுதிய ராப் ஹெர்ரிங், டோமியு விசோசோ ஆகியோருக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன். அந்த உழைப்பு இல்லாவிட்டால் என் பத்து வரிக்கு வேலையே இருந்திருக்காது.

பத்து வரி என்பது உண்மைதான். சிப்புக்கான பொதுக் கோப்பில் ஜிபியு ஏற்கெனவே எழுதப்பட்டு, முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. என் போர்டின் கோப்பில் அதை இயக்கிவிட்டு கம்பைல் செய்தேன். பூட் ஆகும்போதே மாலி-டி860 என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. இந்த ஜிபியுவுக்குத் தனி ஃபர்ம்வேர் எதுவும் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. கேஎம்எஸ்கியூப் என்ற சிறு சோதனை நிரலை ஓட்டினேன், கனசதுரம் வழுக்கிக்கொண்டு சுழன்றது.

அப்புறம் ஜிபியுவைக் கடுமையாக வேலை வாங்கும் ஜிஎல்மார்க்2 ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் திரை உறைந்தது. ஜிபியுவுக்குக் கொடுத்த வேலை உரிய நேரத்துக்குள் முடியவில்லை என்று லாகில் வரிசையாகப் புகார். மேசா (வரைகலை நூலகம்) பதிப்பை மாற்றினேன், கர்னலை மாற்றினேன், ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. விடை லாகின் மேல்பகுதியிலேயே இருந்தது: மாலிக்கு மின்சப்ளை குறிப்பிடப்படவில்லை, டம்மி ரெகுலேட்டரை வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. ரெகுலேட்டர் என்பது ஒரு பகுதிக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் சிப்.

விஷயம் இதுதான். இந்த ஜிபியு 200 மெகாஹெர்ட்ஸிலிருந்து 800 வரை ஆறு படிகளில் ஓடும். மேலே போகப் போக வோல்டேஜும் ஏற வேண்டும், 800-க்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எந்த ரெகுலேட்டர் என்று நான் சொல்லாததால் கர்னல் வேகத்தை மட்டும் ஏற்றியது. வோல்டேஜ் பூட்லோடர் விட்ட இடத்திலேயே நின்றது. கனசதுரம் லேசான வேலை, கீழ்ப்படியிலேயே முடிந்துவிட்டது. ஜிஎல்மார்க் மேல்படிக்கு ஏற்றியதும் விழுந்தது.

எந்த ரெகுலேட்டர் என்று கண்டுபிடிக்க சர்க்யூட் படம் இல்லை. பெட்டியின் பழைய டிவைஸ் ட்ரீயைப் பிரித்துப் பார்த்தேன். சிப்புகளை இணைக்கும் முதல் ஐ2சி பஸ்ஸில் 0எக்ஸ்40 என்ற முகவரியில் ஒரு ரெகுலேட்டர், 0எக்ஸ்41-இல் இன்னொன்று. முதலாவது ஏ72-க்கு, இரண்டாவது ஜிபியுவுக்கு. ஆர்கே3399 போர்டுகள் பலவற்றிலும் இதே அமைப்புதான், ஃபேன்53555 டிரைவரே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அப்படியே நம்பாமல், ரெகுலேட்டரின் காயில் (கம்பிச் சுருள்) பக்கத்தில் மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு ஜிஎல்மார்க்கை ஓட்டினேன். முள் ஏறி இறங்குவதைப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடியும் உறையவில்லை.

ஆனால் ஹீட்சிங்க்கைத் தொட முடியவில்லை. இங்கே அறையே 34 டிகிரி.

வெப்பத்தை முதலில் முடித்துவிட்டு ஜிபியுவைத் தொட்டிருக்க வேண்டும், இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். சிப்பில் டிஎஸ்ஏடிசி என்ற பகுதி இருக்கிறது, அதில் இரண்டு சென்சார்கள், சிபியுவுக்கு ஒன்று, ஜிபியுவுக்கு ஒன்று. பொதுக் கோப்பில் ஜிபியுவுக்கு 75 டிகிரியில் வேகக் குறைப்பு, 95-இல் அவசர நிறுத்தம் என்று எழுதியிருக்கிறது. கர்னலே தொங்கிவிட்டாலும் வன்பொருள் தானாக ரீசெட் செய்யவோ, சிப்பின் ஒரு பின் (இணைப்புக் கால்) வழியாகப் பவர் சிப்புக்குச் சொல்லவோ முடியும். இரண்டில் எது என்று போர்டின் கோப்பில் சொல்ல வேண்டும். பழைய கோப்பில் பின் வழி என்று இருந்தது, அதையே வைத்தேன்.

சென்சார் எண் காட்டியது. 75-ஐத் தாண்டியது, 81-உம் ஆனது. ஜிபியு அசையாமல் 800-லேயே நின்றது! உடனே நிறுத்தினேன். குளிர்விக்கும் சாதனமாக (வேகத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கக்கூடிய ஒன்றாக) ஜிபியுவைப் பதிவு செய்ய முடியவில்லை என்று பான்ஃப்ராஸ்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் பிழையாக அல்ல, சாதாரணத் தகவலாக. கர்னல் கட்டமைப்பில் டெவ்ஃப்ரீக் தெர்மல் என்ற தேர்வை நான் போடவே இல்லை. அது இல்லாவிட்டால் வரம்பு எழுதியிருந்தும் பயனில்லை, குறைப்பதற்கு ஆளில்லை. இந்தச் செய்தி எச்சரிக்கையாகவாவது வர வேண்டும் என்பது என் கருத்து.

மறுபடி சூடேற்றிச் சோதிக்க மனமில்லை. கர்னலில் வெப்பத்தைப் போலியாகக் கொடுக்கும் வசதி உண்டு. ஜிஎல்மார்க் ஓடும்போதே 76 என்று எழுதினேன், 800 சட்டென்று 600 ஆனது. 77, 78 என்று ஏற்ற ஏற்ற 500, 400 என ஒவ்வொரு படியாக இறங்கியது. (95 என்று எழுதிவிடாதீர்கள், பெட்டி அணைந்துவிடும்.) பிறகு உண்மையான வெப்பத்தில் விட்டுப் பார்த்தேன். 600-க்கும் 500-க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டு 76-ஐ ஒட்டியே நின்றது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஆறு கோரிலும் கர்னல் கம்பைல் ஓடினால், சும்மா இருக்கும் ஜிபியுவின் சென்சாரும் 75-ஐத் தொடுகிறது. எல்லாம் ஒரே சிலிக்கான்தானே. அப்போது ஜிபியுவின் வேகத்தைக் குறைத்து என்ன ஆகப்போகிறது, சூடு ஏ72-இலிருந்து வருகிறது. அதனால் ஜிபியு சென்சாரின் வரம்புகள் எழுதியிருக்கும் வெப்ப மண்டலத்தில் ஏ72 இரண்டையும் குளிர்விக்கும் பட்டியலில் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று இரவு ஒரு முழு கம்பைல் போட்டிருக்கிறேன், காலையில் பதிவைப் பார்த்துவிட்டு அந்த மாற்றத்தை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வேன்.