இங்கே இருக்கக் கூடாது

டோக்கியோவின் நிஷிகசாய்க்கு நாங்கள் குடிவந்தது 2019இல். வந்த புதிதில் தபால் பெட்டியில் ஒரு வெள்ள வரைபடம் கிடந்தது. எங்கள் எடோகாவா வார்டின் படம்தான். அதன்மேல் எழுதியிருந்ததைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "இங்கே இருக்கக் கூடாது."

வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. "நம்மளத்தான் சொல்றாங்களாட்ட இருக்குது" என்று மனைவியிடம் காட்டினேன். அவள் பெட்டியைக் கட்டவா என்றாள்.

விஷயம் வேறு. வார்டில் பத்தில் ஏழு பங்கு நிலம், கடல் பெருக்கெடுக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். ஆற்றங்கரை உடைந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குத் தண்ணீர் வடியாது. ஆகவே புயல் வருமுன்னே கிளம்பிவிடுங்கள் என்கிறார்கள். ஏற்காட்டில், 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, 1,515 மீட்டரில் பிறந்தவன் நான். கடலுக்கும் கீழே வாடகை கொடுத்துக் குடியிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த அக்டோபரிலேயே ஹகிபிஸ் புயல். பள்ளிக்கூடக் கூடத்தில் எல்லோரோடும் போய்ப் படுத்தோம். ராத்திரி கழிப்பறைக்குப் போக டார்ச்சை அமுக்கினால் எரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மேல்மாடிப் பாட்டி அதை வாங்கித் திறந்தார். பேட்டரி கசிந்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாய் ஒட்டியிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை முடிந்தால் கழற்றித் தனியாக வைக்க வேண்டும்."

சுருக்கென்றது. தப்பு என்னுடையது என்பதற்காக மட்டுமில்லை. அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

காப்பித் தோட்டத்தில் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், ஒரு பெட்ரோமாக்ஸ் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மிச்ச மண்ணெண்ணெயை வடித்து, பம்பு வாஷருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முனையை ஊசியால் குத்தி, துணி சுற்றி ஆணியில் மாட்டுவார். "எண்ணெயோட தூங்க வெச்சா வௌக்கு செத்துப்போயிரும் கண்ணு." மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் சாக்குக் கொங்காடைகள் அடுப்புக்கு மேலே புகையில் காயும். கவாத்துக் கத்திக்கு விளக்கெண்ணெய். அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும் சேர்த்த முடிச்சு தனியாக ஒரு டப்பாவில். விளக்கின் மேண்டில் வலை தொட்டால் உதிரும் என்று எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். நாங்கள் விடாமல் தொடுவோம். ஒருமுறை என் விரல் பட்டுப் பொடிந்தது. அடி விழும் என்று ஓடினேன். அப்பாரு சிரித்துக்கொண்டே அடுத்த மேண்டிலைக் கட்டினார். பொசுக்கென்று பற்றி, சுருங்கி, வெள்ளையாய்...

எங்கேயோ போய்விட்டேன்.

இப்போது நான் இந்த ஊர்க்காரன். ஜூன் மழைக்கு முன்னால் ஒருதரம், செப்டம்பர் 1க்கு ஒருதரம் அவசரகாலப் பையைப் பிரித்துக் கொட்டுவேன். 1923இல் கான்டோ நிலநடுக்கம் வந்த நாள் அது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தேதி நெருங்கிய பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் புதிது வாங்கி வைப்போம். பவர்பேங்குக்குப் பாதி சார்ஜ். மழைக்கோட்டைத் துவைத்து, இளஞ்சூட்டில் உலர்த்தினால் தண்ணீர் மறுபடி முத்தாக உருளும். கூடாரத்தை ஈரத்தோடு மடிப்பதே இல்லை. பிள்ளைகளுக்கு இதில் நான் ஒரு கெடுபிடி வாத்தியார். பையின் அடியில் மட்டும் சேலத்துத் தட்டுவடை ஒரு பொட்டலம். அதற்குக் காலாவதி தேதியே கிடையாது, அதற்குள் காலியாகிவிடும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்பாவைப் பிடிக்கவே ஒரு நாள் ஆனது. கரண்ட் இல்லையாம், போனில் பன்னிரண்டு சதவீதம்தானாம்.

"அப்பாரு வௌக்கு என்னாச்சுங்ப்பா?"

"ஆணியிலதான் தொங்குது. மண்ணெண்ணெய்க்கு எங்கடா போறது?"

"நான் வாங்கியாந்த நெத்தி லைட்டு?"

"அதுல பேட்டரி இருந்தாத்தான எரியும். நீதான படிச்சுப் படிச்சுச் சொன்ன, கழட்டித் தனியா வெக்கோணும்னு. பத்திரமா வெச்சிருக்கறேன். எங்க வெச்சேன்னுதான் தெரியல. இந்த இருட்டுல எங்கடா தேடுறது?"