கேனில் மீந்த கூலன்ட்

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய என் சிறிய பெட்ரோல் காருக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை நானே மாற்றினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றிப் பழையதை வாளியில் பிடித்து அளந்தபோது நான்கு லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. தண்ணீர் கலந்தே விற்கப்படும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் திறந்து, ரேடியேட்டர் கழுத்துவரை வழிய வழிய ஊற்றி, ரிசர்வ் டேங்கிலும் மேல் கோடுவரை நிரப்பி, கேப்பைத் திருகிவிட்டு, வேலை முடிந்துவிட்டது என்று நிம்மதியாக உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில், எட்டு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, சிக்னலில் நின்றபோது வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது. வண்டி நகர்ந்ததும் சட்டென்று இறங்கி, மறுபடியும் ஏறியது. உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் தொட முடியாத சூடு. கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடந்தது. ஃபேன் சுற்றவே இல்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது ஃபேனைத்தான். ஃபேன் ஸ்விட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்ததும் அது நன்றாகவே சுற்றியது. என் வண்டியில் அந்த ஸ்விட்ச் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கே சூடான கூலன்ட் வந்து சேரவே இல்லை என்றால் அது எதற்காக ஃபேனை இயக்கப் போகிறது? ஆக, தடை அதற்கும் முன்னால், கூலன்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் பக்கம் இருந்தது.

அருகிலிருந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிப் போட்டுடலாம்" என்றார். இந்த வைத்தியம் நம் ஊரில் பரவலாக நடப்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் தன் சரியான வெப்பநிலைக்கு வருவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், அதுவரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வண்டி நன்றாக ஆறும்வரை காத்திருந்து, இடையிடையே நிறுத்தி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை மிச்சமிருந்த கூலன்ட் கேனை அலமாரியில் வைக்கத் தூக்கியபோதுதான் பொறி தட்டியது. கேன் கனத்தது. நான்கு லிட்டருக்கு மேல் வெளியேறியிருக்க, உள்ளே போனது மூன்றே லிட்டர். ஏறக்குறைய இரண்டு லிட்டர் கேனிலேயே இருந்தது. சிந்தியது எதுவும் இல்லை. அப்படியானால் என்ஜினுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் காற்று அடைபட்டிருக்க வேண்டும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான். தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் மெழுகு, சுமார் 82 டிகிரிக்கு மேல் சூடேறிய கூலன்ட் தன்னைச் சூழ்ந்திருந்தால் உருகி விரிந்து வழியைத் திறக்கும்; அதைச் சுற்றிக் காற்று நின்றால் அந்தச் சூடு மெழுகை ஒழுங்காகச் சென்றடைவதில்லை. முள் ஏறியும் இறங்கியும் ஆடியதற்கும் இதுவே காரணம்: சென்சார் ஒரு கணம் கூலன்டிலும் மறுகணம் காற்றிலும் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை, என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்த நேரத்தில், வாசல் சாய்தளத்தில் முன்சக்கரங்களை ஏற்றி, ரேடியேட்டரின் வாய் எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும்படி நிறுத்தினேன். (சூடான என்ஜினில் அந்தக் கேப்பைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதற்குச் சமம்.) கேப்பைத் திறந்து வைத்து, வாங்கிய நாளிலிருந்து நான் தொட்டே பார்த்திராத ஹீட்டர் குமிழை, அந்த வழியில் அடைபட்ட காற்றும் வெளியேறட்டும் என்று முழுச் சூட்டுக்குத் திருப்பி, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டேன். சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்கியதில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து, கழுத்துவரை நின்ற கூலன்ட் 'குளுக்' என்ற சத்தத்துடன் ஒரேயடியாகக் கீழே இறங்கியது. ஊற்றினேன், மறுபடியும் இறங்கியது, மறுபடியும் ஊற்றினேன். இப்படியாக ஒரு லிட்டருக்கும் சற்று மேல் உள்ளே போன பிறகு கீழ் ஹோஸ் சூடாகி, சிறிது நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது.

அதற்குப் பிறகும் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைத்தான், அதாவது என்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகட்டைத்தான், சந்தேகித்திருப்பேன். ஆயிலில் கூலன்ட் கலந்ததற்கு அடையாளமாக ஆயில் மூடியின் அடிப்பக்கம் பால் காப்பி நிறத்தில் படிவம் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை.

ஆனாலும் ஒரு சிறு கோளாறு மிஞ்சியிருந்தது. அடுத்த நாள் ரிசர்வ் டேங்கில் அளவு கூடியிருந்தது, ரேடியேட்டரிலோ குறைந்திருந்தது. சூட்டில் விரிந்து டேங்குக்குப் போகும் கூலன்ட், ஆறியதும் கேப்பின் நடுவிலுள்ள சிறு வால்வு வழியாகத் திரும்பி உறிஞ்சப்பட வேண்டும். கேப்பைத் திருப்பிப் பார்த்தால் அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதே அழுத்தக் குறியீடு கொண்ட, 0.9 என்று பொறித்த புதிய கேப் ஒன்றை வாங்கிப் போட்டேன். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் பார்க்கிறேன். டேங்கில் மார்க்கரால் நான் போட்ட கோட்டிலேயே அளவு நிற்கிறது.