ஜிம்னியின் கண்ணாடி ரப்பரும் அதன் அடியில் ஒளிந்திருந்த துருவும்

மழை பெய்தால் காருக்குள் கால் நனைகிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரு சிலிகான் குழலை எடுத்து வந்து கண்ணாடியைச் சுற்றிப் பூசி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மழைக்குத் தாங்கும். பழைய ஜீப் வைத்திருக்கும் யாரும் இதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதற்காகவே என் வண்டியில் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது சுசுகி ஜிம்னி எஸ்ஜே410. 1981-இல் வெளிவந்த வரிசை, 970 சிசி இன்ஜின், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து, தீவில் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் இருக்கும் நண்பரின் டுரியான் தோட்டத்துக்கு ஏற இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. இதன் முன்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் தட்டைக் கண்ணாடி. இன்றைய கார்களைப்போல் பசை வைத்து ஒட்டப்பட்டதில்லை. ஒரே ஒரு ரப்பர்தான் ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் தகரச் சட்டத்தின் விளிம்பையும் கவ்விப் பிடித்திருக்கிறது. அந்த ரப்பரின் பிடி தளர்ந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

ஆனால் கால் நனைந்தவுடன் ரப்பரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் துளைகள் இருக்கின்றன, வைப்பர் தண்டு வெளியே வரும் ஓட்டை இருக்கிறது, கதவு ரப்பர் இருக்கிறது. எங்கே நுழைந்தாலும் தண்ணீர் கடைசியில் காலடிக்கே வந்து சேரும். ஆகவே டேஷ்போர்டின் அடியில் காய்ந்த செய்தித்தாளை ஒட்டிவைத்து, என் தம்பி மகனை டார்ச் லைட்டுடன் உள்ளே உட்கார வைத்தேன். வெளியே குழாயை அதிக வேகமில்லாமல் பிடித்து, கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாக மேலே நகர்த்தினேன். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எது ஒழுகுகிறது என்றே தெரியாது. இடது பக்கக் கீழ்மூலைக்குத் தண்ணீர் போனதும், “பெரியப்பா, நிறுத்துங்கள், இங்கேதான்!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வலது வைப்பர் தண்டின் பக்கமும் தாளில் லேசான ஈரம் தெரிந்தது.

மூலை முதலில் போனதில் வியப்பில்லை. வெயிலிலும் காற்றில் இருக்கும் ஓசோனிலும் ரப்பர் வெடிப்பது இழுபட்டு நிற்கும் இடத்தில்தான். கண்ணாடி ரப்பர் வளைந்து இழுபடுவது மூலைகளில். பழைய ரப்பர் காலப்போக்கில் இறுகிச் சுருங்கவும் செய்யும், அப்போது மூலையை விட்டு விலகி நிற்கும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டிய கைகள் கொண்டவர்கள். பால்மரத்து ரப்பரின் இழுவையும் மீள்தன்மையும் எதற்கும் வராது. ஆனாலும் வெயிலில் நிற்கும் கண்ணாடிக்கு அது ஏற்றதில்லை, ஓசோன் அதை எளிதில் தாக்கிவிடும். இந்த வேலைக்கு ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான் சரி. வெயிலையும் ஓசோனையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கு ஆகாதது எண்ணெயும் கிரீஸும், பட்டால் ஊதிப்போகும்.

எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்தில், ஏதோ ஒரு பட்டறையில் மூலை முழுக்கச் சிலிகான் பூசியிருந்தார்கள். அதைக் கத்தியால் சுரண்டிய நேரத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. காடி வாசனை அடிக்கும் மலிவுச் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. சாயம் போன இரும்பில் அது படுவது துருவுக்குத் தீனி போடுவதற்குச் சமம். அதோடு, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற இருந்த வழியையும் அடைத்துவிடுகிறது. போதாததற்குச் சிலிகான் படிந்த இடத்தில் பின்னால் எந்தச் சாயமும் ஒழுங்காகப் பிடிக்காது. ஒழுகலை மறைக்கப் பூசியது, சட்டத்தையே தின்னக் கொடுத்திருந்தது.

உதிரிபாகக் கடையில் இரண்டு வகை ரப்பர் எடுத்துக் காட்டினார்கள். ஒன்று நீளமாக வார்த்த பட்டையை வெட்டி ஓரிடத்தில் ஒட்டியது. மற்றது மூலைகளை வளைவோடு அச்சில் வார்த்தது, விலை கூடியது. பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். குறுக்குவெட்டை வைத்து ஒப்பிட்டால்தான் கண்ணாடிப் பள்ளத்தின் அகலமும் தகரப் பள்ளத்தின் அகலமும் பொருந்துகிறதா என்று தெரியும். “மூலை வார்த்ததை எடுத்துக்கொள், மற்றதை வாங்கினால் திரும்பவும் என்னிடம்தான் வருவாய்” என்றார் கடை முதலாளியான தவுக்கே. விற்கிறவர் பேச்சு என்று தள்ளவில்லை. வெட்டி ஒட்டிய பட்டை மூலையில் மடியும்போது அதன் உதடு, அதாவது கவ்விப் பிடிக்கும் மெல்லிய ஓரம், சுருண்டு நிற்பதை நானே வளைத்துப் பார்த்தேன்.

வேலைக்குத் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களைத் தேர்ந்தெடுத்தேன். காவடிகள் தண்ணீர்மலைக்கு ஏறும் அந்தக் காலத்தில் பினாங்கில் மழை குறைவு, தார்ச்சாலை காலைச் சுடும். கண்ணாடி இல்லாமல் வண்டி பல நாள் நிற்க வேண்டும், சாயம் உள்வரை காய வேண்டும். இதை அக்டோபர் மழையில் செய்ய நினைப்பது வீண்.

கண்ணாடியைக் கழற்றுவது எளிது. பழைய ரப்பர் திரும்பத் தேவைப்படாததால், வெளி உதட்டை முழுச் சுற்றும் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளிருந்து மேல்மூலையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினால் போதும். திருப்புளியால் நெம்பினால் விளிம்பில் விரிசல் விழும். எனது கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. கீழ் விளிம்பில் லேசாக வெண்மை படர்ந்திருந்தது, ஈரம் படலத்துக்குள் ஏறிய அடையாளம். பார்வையை மறைக்காத ஓரம் என்பதால் அதையே திரும்பப் பொருத்தினேன். மாற்ற வேண்டி வந்தாலும் தட்டைக் கண்ணாடி என்பதால் கண்ணாடிக் கடையில் அதே வகையில் வெட்டித் தருவார்கள்.

கண்ணாடி வந்ததும் உண்மை தெரிந்தது. இடது கீழ்மூலையில் சட்டத்தின் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்குச் செதில் செதிலாகக் கையில் வந்தது. ரப்பர் கவ்வுவதற்கு அங்கே தகரமே இல்லை. புது ரப்பரை எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் முதல் மழையிலேயே பழைய கதைதான்.

பிறை என்ற ஊரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மன் அண்ணன் ஒருவர் வெல்டிங் வேலையை ஏற்றார். “தம்பி, துருவுக்கு மேல் புட்டி அடிக்கச் சொன்னால் நான் செய்யமாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் தேடியதும் அப்படி ஒருவரைத்தான். கெட்ட பாகத்தை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகரத்தை வளைத்துப் பொருத்தினார். கனம் மாறினால் ரப்பரின் பள்ளம் சரியாகப் பிடிக்காது. மிக் வெல்டிங்கில் ஒரே கோடாக இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்தால் கண்ணாடி உட்காரும் தளம் கோணிவிடும். பிறகு மேடுகளை மட்டமாக அரைத்தார். ஒரு சின்ன மேடு போதும், குண்டும்குழியுமான பாதையில் வண்டி முறுக்கும்போது கண்ணாடி அந்த இடத்திலிருந்து வெடித்துக்கொண்டு போகும்.

சுற்றிலும் மேலோட்டமாக இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருமாற்றி தடவி, எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், அதன் மேல் சாயம் என்று வரிசையாக முடித்தோம். சாயம் நன்றாக இறுகும்வரை காத்திருப்பது கட்டாயம். ரப்பர் உரசி ஏறும்போது காயாத சாயம் உரிந்தால் பட்ட பாடெல்லாம் போய்விடும்.

பொருத்துவதற்குக் கயிறு முறைதான். ரப்பரைச் சிறிது நேரம் வெயிலில் போட்டு இளக்கி, முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினோம். தகரத்துக்கான பள்ளத்தில் வழுவழுப்பான நைலான் கயிற்றை முழுச் சுற்றும் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்பக்கம் தொங்கும்படி விட்டோம். சட்ட விளிம்பிலும் ரப்பரிலும் சவர்க்காரத் தண்ணீர். சிலர் சமையல் எண்ணெய், கிரீஸ் என்று எது கிடைத்தாலும் தடவுகிறார்கள். வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியை வெளியிலிருந்து நடுவாக வைத்து, தம்பி மகன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். நான் உள்ளே இருந்து ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுத்தேன். கயிறு வெளியேறும் இடத்தில் ரப்பரின் உள் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழுகிறது. அவன் கை கயிற்றுக்கு நேர் எதிரே, அதே வேகத்தில் நகர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கயிறு உதட்டையே கிழித்துவிடும். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு இரு பக்கங்கள், கடைசியில் மேலே. மூலைகளில் நின்று, தண்ணீர் தெளித்து, வெளியே தட்டிக்கொடுத்து, மறுபடி மெல்ல இழுத்தோம். கடைசி உதடு மேல்நடுவில் விழுந்தபோது கண்ணாடி முழுவதும் ஒரே சீராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மகிழ்ச்சி எனக்குப் பெரிது.

சவர்க்காரத்தைக் கழுவிக் காயவிட்டு, வெளி உதட்டை மெல்லத் தூக்கி, என்றும் இறுகாத கண்ணாடி சீலரைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும் மெல்லிய கோடாக விட்டேன். சிலிகானைப்போல் அல்லாமல் இது மென்மையாகவே இருக்கும், சட்டம் முறுக்கும்போது கூடவே அசையும். ஓட ஓட வெயிலில் கொஞ்சம் வெளியே பிதுங்கி வரும். மரச்சில்லால் வழித்து எடுத்துவிட்டால் போதும்.

மறுபடியும் செய்தித்தாள், டார்ச் லைட், குழாய். இடது மூலையில் எவ்வளவு நேரம் பிடித்தும் தாள் காய்ந்தே இருந்தது. வலது வைப்பர் தண்டின் பக்கம் மட்டும் அதே லேசான ஈரம். அங்கே இருக்கும் ரப்பர் வளையமும் இறுகிப்போயிருக்கிறது, கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.