தள்ளுபடித் தளத்தின் மீது வழக்கா? முதலில் பெட்டியைப் பாருங்கள்

உங்கள் பிராண்டின் அசல் பொருளை ஒரு தள்ளுபடி இணையதளம் விற்கிறதா? "எங்கள் அனுமதி இல்லாமல் விற்கிறார்கள்" என்பது மட்டும் அமெரிக்க நீதிமன்றத்தில் எடுபடாது. அசல் பொருளை ஒருமுறை விற்றுவிட்டால், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம். முதல் விற்பனைக் கோட்பாடு அதுதான். நீங்கள் விற்கும் பொருளுக்கும் அவர்கள் விற்பதற்கும் முக்கிய வேறுபாடு இருந்தால்தான் பிராண்டின் கை ஓங்கும்: சுரண்டப்பட்ட சீரியல் எண், செல்லாத வாரண்டி, மாற்றி ஒட்டிய லேபிள்.

அதனால் நோட்டீஸ் அனுப்பும் முன் அந்தத் தளத்தில் நீங்களே ஒரு டெஸ்ட் ஆர்டர் போடுங்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டி பிரிக்கும் வீடியோ மூன்றும் வேண்டும். பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) அழியாமல் இருந்தால், சரக்கைக் கசியவிட்ட டீலர் யார் என்றும் பிடித்துவிடலாம்.

பலர் சறுக்குவது வாரண்டியில்தான். "அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினால் மட்டுமே" என்று அச்சடித்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் பில் கேட்காமலே எல்லாருக்கும் இலவசமாகப் பழுது பார்த்தால், 'வாரண்டி செல்லாது' என்ற அந்த வேறுபாடு எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு கேள்விகூடத் தாங்காது. அசல் என்று தெரிந்தே போலி எனப் புகார் கொடுப்பது அதைவிட மோசம், எதிர்வழக்கு வரும்.