குவாங்சோ நாட்குறிப்பு: ஒரே காய்ச்சல், இரண்டு கஷாயம்

2022 டிசம்பர் 8, வியாழன்

நேற்று சீன அரசு கொரோனாக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் பத்து அம்ச அறிவிப்பை வெளியிட்டது. லேசான தொற்று உள்ளவர்கள் இனி வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஹைஜூ வட்டாரத்தில் நவம்பர் முழுக்க அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இன்று மூன்று மருந்துக் கடைகள் ஏறி இறங்கியும் காய்ச்சல் மாத்திரை கிடைக்கவில்லை. கடைசிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் மிச்சமிருந்த நான்கு பெட்டி லியன்ஹுவா சிங்வென் என்ற சீன மூலிகை மருந்தையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் யாருக்கும் நோய் இல்லையாம். வராமல் இருக்கத் தினமும் சாப்பிடப் போகிறார்களாம்.

டிசம்பர் 13, செவ்வாய்

என் கணவருக்குக் காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள்.

மூன்றாம் மாடி ஆயி, கதவுப் பிடியில் கஞ்சியும் இரண்டு அட்டை லியன்ஹுவா சிங்வென்னும் தொங்கவிட்டுப் போயிருந்தார். அத்தை வயதுப் பெண்களை இங்கே ஆயி என்றுதான் அழைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அந்தச் சொல் எனக்கு அந்நியமாக இருந்ததில்லை.

உள்ளிருந்த தாளை அகராதி வைத்துப் படித்தேன். பதின்மூன்று சரக்குகள். மூன்றாவது பெயர் மாஹுவாங். எபிட்ரின் இருக்கும் செடி அது. மூச்சுக்குழாயை விரிக்கும், இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இவரோ ஐந்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அட்டைகளை இழுப்பறையில் வைத்துவிட்டு ஆயியை அழைத்தேன்.

டிசம்பர் 14, புதன்

ஆயியின் அண்ணன் ஓய்வுபெற்ற சீன மருத்துவர். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தியும் தளர்த்தியும் நாடி பார்த்தார். தஞ்சாவூரில் தாத்தாவுக்கு வைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்த்ததும் மூன்று விரலால்தான். இங்கே கணக்கு வேறு. இரண்டு கைகளையும் பார்க்கிறார்கள், ஒவ்வொரு விரல் வைக்கும் இடமும் ஓர் உறுப்பைச் சொல்கிறது.

பிறகு கேள்விகள். குளிர் அதிகமா, சூடு அதிகமா? வியர்க்கிறதா? தாகம் உண்டா? நாக்கின் நுனி சிவந்திருந்தது, மேலே மஞ்சள் படிவு. "காற்றும் வெப்பமும்" என்றார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். மாஹுவாங் வேண்டாம் என்றார். அதிமதுரத்தையும் குறைத்து எழுதினார். அதிகமானால் அதுவும் அழுத்தத்தை ஏற்றுமாம். கிளம்பும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதத்துக்கு இறங்கினால் தம்மை அழைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான்.

டிசம்பர் 15, வியாழன்

ஆயியின் மண்சட்டி. சரக்குகளை அரைமணி ஊறவைத்தேன், இரண்டு விரற்கடை தண்ணீர் மேலே நிற்கும்படி. இடித்த ஜிப்சம் கல் மட்டும் முன்னதாகவே கொதிக்க வேண்டும். புதினா கடைசி ஐந்து நிமிடத்தில். முன்பே போட்டால் வாசனையோடு சத்தும் போய்விடும். வடித்துவிட்டு, அதே சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்ச வேண்டும். இரண்டையும் கலந்து காலையும் மாலையும் பாதி பாதி. இந்த ஒழுங்கு நம் ஊர்க் கஷாயம் காய்ச்சும் கைக்குப் பழகியதுதான்.

டிசம்பர் 18, ஞாயிறு

அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கு வந்துவிட்டது.

அதே வீடு, அதே கிருமி. அவருடைய கஷாயத்தில் மிச்சம் இருந்தது, ஆனால் அதை நான் குடிக்கக் கூடாதாம். எனக்கு இரண்டு போர்வை போதவில்லை; வியர்வை இல்லை, எலும்பெல்லாம் வலி, நாக்கில் வெள்ளைப் படிவு. இது "குளிர்". ரத்த அழுத்தத்தைச் சோதித்தபின், ஆயியின் அண்ணன் லவங்கப்பட்டை மரத்தின் குச்சியும் மாஹுவாங்கும் எழுதினார். மாஹுவாங்கை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து, மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். நடுக்கத்தோடு அடுப்படியில் நின்று நுரை எடுத்தேன். இந்த நுரை எடுக்கும் விதியை 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் ஜாங் ஜொங்ஜிங். பத்து வருடத்துக்குள் தம் குலத்தில் இருநூறுக்கு மேற்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினரைச் சாகக் கொடுத்து, அந்தத் துயரத்தில் மருத்துவம் எழுதிய மனிதர்.

டிசம்பர் 20, செவ்வாய்

அம்மா தொலைபேசியில், "சீன மருந்துதான் குணமாக்கியதா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்று தடுப்பூசி போட்டவர்கள் நாங்கள். சும்மா இருந்திருந்தாலும் நான்கு நாளில் காய்ச்சல் இறங்கியிருக்கலாம். லியன்ஹுவாவுக்கே 2020இல் 284 பேரிடம் நடந்த ஆய்வில் அறிகுறிகள் தீர 7 நாள், அதைப் பெறாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 10 நாள் என்று வந்தது. ஆனால் மற்ற குழுவுக்குப் போலி மருந்து தரவில்லை; யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் இவ்வளவுதான் சொன்னேன்: இருமல் இரவில் தூங்கவிட்டது, ஒருவர் எங்களை உட்கார்ந்து கேட்டார்.

டிசம்பர் 22, வியாழன்

இன்று தோங்ஜி, குளிர்கால உச்சி நாள். எல்லா வீட்டிலும் இனிப்புக் கொழுக்கட்டை கொதிக்கும் நாளில் ஆயி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மிளகு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கன்னம் சிவந்து சோபாவில் படுத்திருந்தார். மேசையில் பிரிக்காத ஒரு மாத்திரைப் பெட்டி.

"ஆயி, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றேன். தலையசைத்தார். பெட்டியை எடுத்துத் தாளைப் படித்தேன். குளிர் அதிகமா, சூடு அதிகமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், முகக்கவசத்தை இறக்கி நாக்கை நீட்டிக் காட்டினார். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.