படிக்கட்டில் கிடந்த அஞ்சலட்டைகள்

எங்கள் உயர்தர வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரை எதிர்த்த ஜேர்மனியர் யார் என்று கேட்டால், குண்டு வைத்த ஸ்டௌபன்பேர்க்கோடு விடை முடிந்துவிடும். எலீசெ ஹாம்பெல் என்ற பெயர் எந்த நோட்ஸிலும் இருக்கவில்லை. பேர்லின் பக்கம் வாழும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

எலீசெ 1903இல் பிறந்தவர். ஆரம்பக் கல்வியோடு படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போனவர். கணவர் ஓட்டோ தொழிற்சாலைத் தொழிலாளி. குடியிருப்பு பேர்லினின் வெடிங் பகுதியில், அம்ஸ்ரடாமர் தெரு 10. எலீசெ முதலில் ஆட்சிக்கு எதிரியும் அல்லர். நாஜி மகளிர் அமைப்பில் பொறுப்புக்கூட வகித்தார். 1940இல் அவருடைய சகோதரர் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். அந்தச் செப்டெம்பரிலேயே இருவரும் ஹிட்லருக்கு எதிராக அஞ்சலட்டைகள் எழுதத் தொடங்கினார்கள்.

துண்டுப்பிரசுரம் அச்சடிக்க ரோனியோ வேண்டும், கட்டுக்கட்டாகக் கடதாசி வேண்டும். இரண்டையும் வாங்கப் போனாலே சந்தேகம். அஞ்சலட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. கைப்பையில் அடங்கும், எடுத்தவர் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம். கையெழுத்து காட்டிக்கொடுக்காதிருக்க அச்செழுத்துப் போல ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதினார்கள். ‘சுதந்திரப் பத்திரிகை!’ என்று ஒரு தலைப்பு. போருக்கு ஒத்துழைக்காதே, நாஜிகளின் குளிர்கால நிவாரண உண்டியலில் காசு போடாதே, ஹிட்லரை விரட்டு. எழுத்துப்பிழைகள் தாராளம். பிறகு மாடிவீடுகளின் படிக்கட்டிலோ தபால்பெட்டியிலோ வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இரண்டு ஆண்டில் இருநூறுக்கு மேல். கணக்குப் பார்த்தால் கிழமைக்கு இரண்டு.

பிழை நேர்ந்தது வேறிடத்தில். அட்டையைக் கண்டவர் கையில் வைத்திருந்தால் அவருக்கே ஆபத்து. தன்னைச் சோதிக்க வைத்த பொறியோ என்ற பயமும் உண்டு. அதனால் அநேகமாக எல்லா அட்டைகளும் உடனுக்குடன் நாஜி இரகசியப் பொலிஸான கெஸ்டாபோவிடம் போய்ச் சேர்ந்தன. 1942 இலையுதிர் காலத்தில், நொலண்டோர்ப் சதுக்கத்தருகே, அட்டை வைப்பதைக் கண்டுவிட்ட ஒருவர் காட்டிக்கொடுத்தார்.

1943 ஜனவரியில் மரணதண்டனைத் தீர்ப்பு. கருணை மனுக்களில் கணவனும் மனைவியும் பழியை ஒருவர்மேல் ஒருவர் போட்டார்கள். இதை மறைத்து எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கழுத்துக்குக் கத்தி வந்தபோது வெடிங் தெருவின் இரண்டு சாதாரண மனிதர் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

எலீசெ சிறையில் இருந்த அதே பெப்ரவரி இறுதியில், பேர்லினின் ரோசன்ஸ்ட்ராசெ தெருவில் வேறு பெண்கள் தங்கள் கணவர்மாரை விடுவிக்கக் கோரி வெளிப்படையாகவே நின்றார்கள். அங்கே அடைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 2,000 பேரில் பெரும்பாலோர் யூதரல்லாத பெண்களின் யூதக் கணவர்மார். ஒரு கிழமையாகப் பெண்கள் கலையவில்லை; மார்ச்சில் ஆண்கள் விடுவிக்கப்பட்டார்கள். பெண்கள் நின்றதால்தானா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் தகராறு.

எலீசெயும் ஓட்டோவும் 1943 ஏப்ரல் 8ஆம் திகதி பிளொட்சன்சே சிறையில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய அட்டைகளை இன்று நாம் வாசிக்கிறோம் என்றால், பயந்துபோய்க் கெஸ்டாபோவிடம் ஒப்படைத்தவர்களால்தான்: அவை வழக்குக் கோப்பில் தப்பிக் கிடந்தன.